முதல் வாய்

“புக்கு எழுதினவன் காளான் தின்னிருக்கானா புள்ள?”

வாசுகி ஆறாம் வகுப்பில் இருந்தபோது சிவகுரு அவளைக் கேட்ட கேள்வி அது. தேயிலைத் தோட்டத்து வரிசை வீடுகளான லயத்து வாசலில், கொழுந்தை எடை போட்டுவிட்டு வந்த பெண்கள் அத்தனை பேரும் நிற்க, நடுவில் வைத்துக் கேட்டார். மஞ்சள் போட்டு வேகவைத்தால் விஷக் காளான் நிறம் மாறிக் காட்டிக்கொடுத்துவிடும் என்பது பொய் என்று அவளுடைய அறிவியல் புத்தகத்தில் போட்டிருந்தது. அதை அவள் உரக்கச் சொல்லக்கூட இல்லை. அம்மாவின் முந்தானையை இழுத்து மெதுவாகத்தான் சொன்னாள். பக்கத்து வீட்டுப் பாப்பம்மாள் காதில் அது விழுந்தது. பாப்பம்மாள் காதில் விழுந்தால் தோட்டத்துச் சங்கை ஊதிய மாதிரி. உடனே சிவகுரு வரைக்கும் போய், அவர் இப்படிக் கேட்டார். கூட்டம் குலுங்கிச் சிரித்தது. அவள் அம்மா சின்னம்மையும் சிரித்தாள். அந்தச் சிரிப்புதான் வாசுகிக்கு இன்றுவரை ஆறவில்லை.

பதில் சொல்ல வாய் வராத பிள்ளை அவள். காது இரண்டும் சுட, வீட்டுக்குள் போய்க் கதவை ஒட்டி நின்றாள். இனிமேல் காளானைக் கையால் தொடுவதில்லை என்று அன்றைக்கு முடிவெடுத்தாள். அதை அறிவு என்று யாரும் மெச்ச வேண்டாம், சுத்தமான வீம்பு. வாசனை மூக்கைத் துளைக்கும்போதெல்லாம் அவளுக்கும் எச்சில் ஊறத்தான் செய்தது.

சிவகுருவைப் பற்றிச் சொல்ல வேண்டும். இலங்கை மலையிலிருந்து சிறுவனாகக் கப்பலேறி வந்தவர். தேவர்சோலைக்கு மேலே இருக்கும் இந்தத் தோட்டத்தில் தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டியே தோள் சாய்ந்தவர். மனைவி போனபின் கடைசி வீட்டில் தனியாக இருந்தார். மழை இறங்கி, மரத்தடிகளில் காளான் முளைக்கத் தொடங்கினால் அவர்தான் ராஜா. யார் பறித்தாலும் அவரிடம் காட்டாமல் அடுப்பில் ஏற்றமாட்டார்கள். முகர்ந்து பார்ப்பார், தண்டை ஒடித்துப் பார்ப்பார், “இது ஆகும், இது ஆகாது” என்று பிரிப்பார். வெந்ததும் முதல் வாய் அவருக்கு. தின்றுவிட்டு அந்த வீட்டு வாசற்படியிலேயே உட்கார்ந்து வெற்றிலை போடுவார். அவர் மென்று துப்பி, வாயைத் துடைத்து, “ம், போடுங்க” என்று சொல்லும்வரை ஒரு தட்டிலும் சோறு விழாது. தன் உயிரை முன்னால் வைத்துக் காட்டுகிற மனிதனைவிடப் பெரிய சான்று எது? லயத்தில் யாருக்கும் அதில் சந்தேகம் இருந்ததில்லை. யோசித்துப் பார்த்தால் வாசுகிக்குமே இருந்ததில்லை.

யானை பாதையில் நிற்கத் தொடங்கிய வருஷம் பள்ளிக்கூடப் பஸ் நின்றது. வாசுகியின் படிப்பும் ஒன்பதாம் வகுப்போடு நின்றது. இப்போது தோட்டத்துப் பிள்ளைக் காம்பராவில், வேலைக்குப் போகும் தாய்மார்களின் குழந்தைகளைப் பார்த்துக்கொள்கிறாள். குழந்தைகளிடம் மட்டும் தாராளமாகப் பேசுவாள். பெரியவர்கள் வந்தால் வாய் தானாக மூடிக்கொள்ளும்.

இந்த வருஷத்து மழையின் முதல் வாரம். சின்னம்மை மலையை விட்டு இறங்கும்போது, புதிதாகப் பைன் மரம் நட்டிருந்த சரிவில், மொட்டு விரியாத வெள்ளைக் காளானை மடி நிறையப் பறித்து வந்தாள். பால்போல வெள்ளை, விரலால் அழுத்தினால் வெண்ணெய். சிவகுரு முகர்ந்தார், ஒடித்தார். “எங்க மலையில இத முட்டைக் காளான்னுவோம் தங்கச்சி. சின்ன வயசுல தின்னது. இத்தனை வருஷத்துக்கு அப்புறம் இங்க கிடைக்குது பாரு!” என்றார். அவர் அறிந்த மலையில் அந்தப் பைன் மரங்கள் இருந்தனவா என்று கேட்க யாருக்கும் தோன்றவில்லை. முதல் வாய் தின்றார். வெற்றிலை போட்டார். துப்பினார். “ம், போடு.”

அப்பா எல்லப்பனுக்கு அன்று பேக்டரியில் இரவு வேலை. வாசுகி தேங்காய்த் துவையலைத் தொட்டுக்கொண்டாள். “உனக்குக் கொடுத்து வைக்கல போடி” என்று சின்னம்மை சட்டியை வழித்துச் சாப்பிட்டாள்.

விடிவதற்குள் ஆரம்பித்தது. வாந்தியும் போக்கும் நிற்கவே இல்லை. தோட்டத்து ஜீப்பில் டவுன் ஆஸ்பத்திரிக்கு வந்து சேர்ந்தபோது சின்னம்மையால் கழுத்தை நிறுத்தக்கூட முடியவில்லை. அங்கே டாக்டர் ஃபிசா இருந்தார். ஊட்டி பஜாரில் துணிக்கடை வைத்திருப்பவரின் மகள், வயது அதிகமில்லை, தூங்கிப் பல நாளான முகம். ஊசியைக் குத்திக்கொண்டே கேட்டார்.

“என்ன சாப்பிட்டாங்க?”

“காளானுங்க” என்றார் எல்லப்பன்.

“சாப்பிடலாம்னு யார் சொன்னது?”

எல்லப்பன் தரையைப் பார்த்தார். “நாங்களா பறிச்சதுதானுங்க டாக்டரம்மா. வழக்கமாத் திங்கறதுதானுங்க.”

வாசுகிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மனைவி இங்கே துணியாகக் கிடக்கிறாள், இவர் சிவகுருவின் பெயரைக் காப்பாற்றுகிறார்! வாயைத் திறந்தாள். அவளுக்கே கேட்காத குரலில், “சிவகுரு மாமா பாத்துச் சொன்னாரு. அவரும் ஒரு வாய் தின்னாரு” என்றாள்.

“அவரை உடனே வரச்சொல்லு” என்றார் டாக்டர், திரும்பிப் பார்க்காமல்.

மத்தியானம் வாசுகி பாப்பம்மாளுக்குப் போன் போட்டாள். பாப்பம்மாள் வழக்கம்போல மூச்சு விடாமல் பேசினாள். “அவருக்கு என்னடி கேடு? கல்லு மாதிரி இருக்காரு. காலையில வேலைக்குப் பேர் கொடுக்கற பிரட்டுக்கு மட்டும் வரல, மேலு வலின்னாரு. நான் போய்க் கேட்டேன், ‘நான் அதே சட்டியில தின்னவன், எனக்கு ஒண்ணும் ஆகல, அவளுக்கு வேற ஏதோ கோளாறு’ன்னு கதவைச் சாத்திக்கிட்டாரு. ஆனா வயசாயி மூளை குழம்பிப்போச்சு போல. இந்த அடை மழையில கம்பளியைத் துவைச்சுக் காயப் போட்டிருக்காருடி! எந்தக் காலத்துல காயும் அது? சிரிப்பா வருது எனக்கு.”

வாசுகி சிரிக்கவில்லை. யோசிக்கவும் இல்லை. அம்மா மறுபடி வாந்தியெடுக்கத் தொடங்கியிருந்தாள்.

மறுநாள் காலை அதிசயம்போல எல்லாம் நின்றது. சின்னம்மை எழுந்து உட்கார்ந்து தலையை முடிந்துகொண்டாள். இரண்டு இட்லி தின்றாள். அடுத்த கட்டில்காரியிடம் எந்தத் தோட்டம், எந்தக் கங்காணி என்று விசாரித்தாள். எல்லப்பன் முகத்தில் ரத்தம் திரும்பியது. அந்த நேரம் பார்த்து டாக்டர் ஃபிசா கையில் ஒரு காகிதத்துடன் வந்தார்.

“கோயம்புத்தூருக்கு அனுப்பறேன். ஆம்புலன்ஸ் கேட்டிருக்கேன், ரெடியா இருங்க.”

“யாரையுங்க?” என்றாள் சின்னம்மை.

“உங்களைத்தான்.”

“எனக்குத்தான் நல்லாயிருச்சே!”

“இல்லம்மா. வாந்தி நின்னிருக்கு, அவ்வளவுதான். உங்க ஈரல் கெட்டுக்கிட்டு இருக்கு. நேத்து எடுத்த ரத்தத்தைவிட இன்னிக்கு ரொம்ப மோசம்.”

சின்னம்மை தன் வயிற்றைத் தடவிப் பார்த்தாள். பிறகு டாக்டரை ஏற இறங்கப் பார்த்தாள். “எனக்கு வலிக்கலையே. என் உடம்பு எனக்குத் தெரியாதா?”

“தெரியாது.”

“என்னது?”

“ஈரல் வலிச்சுக் காட்டாதும்மா. வலிக்கும்போது எங்ககிட்ட ஒண்ணும் இருக்காது.”

எல்லப்பன் கைகளைப் பிசைந்தார். “ஏனுங்க டாக்டரம்மா, கோயம்புத்தூர் போனா கண்டிப்பாப் பொழைச்சுக்குவாளுங்களா?”

“தெரியாது.”

“போகலைன்னா?”

“அதுவும் உறுதியாச் சொல்ல முடியாது. அது எந்தக் காளான்னே எனக்குத் தெரியாது. ஆனா போறதுதான் நல்லது.”

டாக்டர் அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார். சின்னம்மை சிரித்தேவிட்டாள். “கேட்டீங்களா? எல்லாத்துக்கும் தெரியாது, தெரியாது. என் உடம்பு எனக்குத் தெரியாதுன்றது மட்டும் அந்தம்மாவுக்கு நல்லாத் தெரியுது. சிவகுரு அண்ணனை வரச்சொல்லுங்க. அவரு சொன்னா போறேன், இல்லைன்னா ஊட்டுக்குப் போறேன்.”

எல்லப்பன் போனை எடுத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் ஓடினார்.

வாசுகிக்கு உடம்பெல்லாம் எரிந்தது. யார்மேல் என்று அவளால் சொல்ல முடியவில்லை. ஒரு முடிவெடுக்கத் தெரியாமல் எவன் காலையாவது தேடும் அப்பாவின்மேல். சாகக் கிடந்துவிட்டு இட்லி தின்கிற தெம்பில் சட்டம் பேசும் அம்மாவின்மேல். எல்லாவற்றையும்விட, சாவைப் பற்றிப் பேசிவிட்டு மழையைப் பற்றிப் பேசியதுபோல நகர்ந்துபோன அந்த டாக்டரின்மேல். டாக்டர் வார்டை விட்டு வெளியேறியதும் வராந்தாவில் ஓடிப்போய் மறித்தாள். வாழ்க்கையில் ஒரு பெரியவரை அவள் மறித்தது அதுதான் முதல் தடவை.

“தெரியாது தெரியாதுன்னு சொல்றதுக்கா டாக்டருக்குப் படிச்சீங்க?”

குரல் வராந்தாவில் எதிரொலித்தது. மருந்து வாங்க நின்ற வரிசை முழுக்கத் திரும்பிப் பார்த்தது. டாக்டர் ஃபிசாவின் முகமும் சிவந்தது.

“கத்தாதே. எல்லாம் தெரியும்னு சொல்ற ஆள்தான் வேணும்னா வெளியே போய்த் தேடு. பஸ் ஸ்டாண்டு வரைக்கும் உட்கார்ந்திருக்காங்க.”

“ஒரு நல்ல வார்த்தையாவது சொல்லலாம்ல? எங்கம்மா பயப்படறாங்க!”

“உங்கம்மா பயப்படல. பயப்பட்டிருந்தா நான் சொன்னதைக் கேட்டிருப்பாங்க.” காகிதத்தை வாசுகியின் கையில் திணித்தார். “பாரு. இது நேத்து. இது இன்னிக்கு. எண்ணு படிக்கத் தெரியும்ல?”

வாசுகி பார்த்தாள். எண்கள் தெரிந்தன. இன்றைய எண் பெரியதாக இருந்தது. அவ்வளவுதான். அது இரண்டு மூட்டை கொழுந்தின் எடையாக இருந்தாலும் அவளுக்கு ஒன்றுதான்.

“இந்த நம்பர் கெட்டதுன்னு நீங்க சொன்னாத்தானே எனக்குத் தெரியும்?”

“ஆமா.”

“அப்ப நான் உங்களை நம்பணும்.”

“ஆமா.”

“சிவகுரு மாமாவையும் இப்படித்தான் நம்பினோம். அவராவது தின்னுட்டு, முன்னாடி உட்கார்ந்து வெத்தலை போட்டுக் காட்டினாரு. நீங்க என்னத்தக் காட்டறீங்க, காகிதத்தையா?”

டாக்டர் காகிதத்தைத் திரும்ப வாங்கி மடித்தார். கோபம் இறங்கிவிட்டதுபோல் தெரிந்தது. ஆனால் இறங்கவில்லை, வேறு பக்கம் திரும்பியிருந்தது.

“தின்னு காட்டினாரு, சரி. அதுக்கப்புறம் அவருக்கு என்ன ஆச்சு?”

“நல்லா இருக்கேன்னாரு.”

“யார் பார்த்தது? நேத்தே வரச்சொன்னேனே, ஏன் வரல? இந்த விஷம் வெத்தலை போட்டு முடிக்கறதுக்குள்ள தெரியாது பொண்ணு. ராத்திரி முழுக்க அமுக்கமா இருந்துட்டு விடியும்போதுதான் எழும்பும். அவருக்கு விடியக்காலையில என்ன ஆச்சுன்னு யாராவது கேட்டீங்களா? நான் கொடுத்த மருந்து ஒருத்தருக்கு ஒத்துக்கலைன்னா அதையும் நான் வெளிய சொல்லணும். மறைச்சேன்னா அடுத்த ஆளு செத்துப்போவாங்க. அதுதான் எனக்கும் அவருக்கும் வித்தியாசம். அப்படி ஒண்ணு இருந்தா!” அவர் ஸ்டெதஸ்கோப்பைக் கழுத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டார். “நீயே போய்க் கேளு.”

வாசுகி அங்கேயே நின்றாள். வெளியே மழை தகரத்தில் கொட்டியது. வராந்தாக் கம்பியில் யாரோ ஒரு துண்டைக் காயப் போட்டிருந்தார்கள். நேற்றுக் காலையிலிருந்து அது அங்கேதான் தொங்குகிறது. தொட்டால் சொட்டும். இந்த மலையில் இருக்கும் யாரும் ஆனி மழையில் கம்பளியைத் துவைக்கமாட்டார்கள். ராத்திரிக் குளிருக்கு இருப்பது அது ஒன்றுதான், அது காய ஒரு வாரம் ஆகும். துவைத்தே தீர வேண்டும் என்றால் ஒழியத் துவைக்கமாட்டார்கள்.

சிவகுரு கம்பளியைத் துவைத்ததாகப் பாப்பம்மாள் சொல்லிச் சிரித்தது அவளுக்கு இப்போதுதான் உறைத்தது.

சிவகுரு மத்தியான பஸ்ஸில் வந்து சேர்ந்தார். கையில் ஒரு பன்னுப் பொட்டலம். தோளில் கம்பளி இல்லை. மழைக்காலத்தில் கம்பளி இல்லாத சிவகுருவை வாசுகி பார்த்ததே இல்லை. யாருடைய ஸ்வெட்டரையோ போட்டிருந்தார், கை முழங்கைக்கு மேலே நின்றது. எல்லப்பன் ஓடிப்போய் ஸ்டூலை இழுத்துப்போட்டார். கேண்டீன் டீயை நீட்டினார். சிவகுரு வேண்டாம் என்று கையை ஆட்டினார். டீயை வேண்டாம் என்ற சிவகுருவையும் அவள் பார்த்ததில்லை.

“என்ன தங்கச்சி, கல்யாணப் பொண்ணு மாதிரி உட்கார்ந்திருக்க?”

“பாருங்கண்ணே. கோயம்புத்தூர் போகணுமாம். என் ஈரலு எனக்குத் தெரியாம செத்துக்கிட்டிருக்காம்!”

அவர் சிரித்தார். பாதியில் நிறுத்திக் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டார். “வாந்தியா வந்துருச்சுல்ல? விஷம் வெளிய போயிருச்சு. உள்ள என்ன இருக்கும்? ஊட்டுக்கு வா, சீரகமும் கீழாநெல்லியும் இடிச்சுத் தர்றேன். இவங்க ஊசி குத்திக் குத்தியே ஆளைப் படுக்க வெச்சிருவாங்க. நான் அதே சட்டியில தின்னவன். முன்னாடி நிக்கறேன் பாரு, எனக்கு என்ன ஆச்சு?”

“அதான்” என்றார் எல்லப்பன், பெருமூச்சு விட்டு. “அண்ணனே சொல்லிட்டாரு.”

சின்னம்மை கட்டிலிலிருந்து காலைக் கீழே இறக்கினாள். செருப்பைக் காலால் தேடினாள்.

“மாமா” என்றாள் வாசுகி.

யாரும் கவனிக்கவில்லை.

“மாமா!”

இந்த முறை வார்டே கவனித்தது.

“நேத்து விடியக்காலையில நீங்க வாந்தி எடுத்தீங்களா?”

சிவகுரு அவளைப் பார்த்தார். ஆறாம் வகுப்புப் பிள்ளையைப் பார்த்த அதே பார்வை, அதே இளக்காரம். ஆனால் அது வந்து சேரக் கொஞ்சம் நேரமாயிற்று. “யாரு சொன்னா உனக்கு? நீ கண்ணால பாத்தியா?”

“பாக்கல.”

“அப்புறம்? பாக்காததைப் பேசற பழக்கம் உனக்கு அப்பயிருந்தே இருக்கு புள்ள.” வார்டைச் சுற்றி ஒரு பார்வை பார்த்தார், சிரிக்க ஆள் தேடுவதுபோல. யாரும் சிரிக்கவில்லை.

“கம்பளி எங்க மாமா?”

“ஏய் வாசுகி, பெரியவங்ககிட்ட என்ன பேச்சு இது?” என்றார் எல்லப்பன்.

“நீங்க சும்மா இருங்கப்பா! நேத்துப் பொய் சொன்னது போதும்!” அவளுக்கு அழுகை முட்டியது. அது அழுகை என்று நினைத்துவிடுவார்களே என்ற கோபமும் சேர்ந்து முட்டியது. “மாமா, எனக்கு ஒண்ணும் தெரியாது. அந்த டாக்டரு காகிதமும் எனக்குப் புரியல. உங்க மூக்குக்குத் தெரிஞ்சதும் எனக்குத் தெரியல. உங்களுக்குத் தெரிஞ்சது ஒண்ணே ஒண்ணு, அதை மட்டும் சொல்லுங்க. எடுக்கலன்னா எடுக்கலன்னு சொல்லுங்க. அம்மா தலையில கை வெச்சுச் சொல்லுங்க. சொல்லிட்டீங்கன்னா இப்பவே நானே துணியை மடிச்சு எடுத்துக்கிட்டு வர்றேன்.”

அடுத்த கட்டில்காரி எழுந்து உட்கார்ந்தாள். சத்தியத்தை யாரும் விளையாட்டாகக் கேட்பதில்லை. தலையில் கை வைத்துப் பொய் சொன்னால் அந்தத் தலைக்குத்தான் ஆகாது, எல்லோருக்கும் தெரிந்தது.

“வைங்கண்ணே” என்றாள் சின்னம்மை. அவள் முகத்தில் சந்தேகம் எதுவும் இல்லை. மகளின் திமிருக்கு ஒரு முடிவு வரட்டும் என்ற எரிச்சல்தான் இருந்தது. தலையைக் குனிந்து காட்டினாள். “வெச்சுச் சொல்லுங்க. இவ வாய் அடங்கட்டும்.”

சிவகுருவின் கை எழுந்தது. கவ்வாத்துக் கத்தி பிடித்துக் காய்த்துப்போன கை. சின்னம்மையின் உச்சிக்கு மேலே, ஒரு சாண் உயரத்தில் வந்து நின்றது. எத்தனை அடுப்படியில் எத்தனை சட்டியின்மேல் துணிந்து நீண்ட கை அது. அவர் உதடு அசைந்தது. சின்னம்மை குனிந்தபடியே காத்திருந்தாள். வெற்றிலை மெல்லும் நேரம் காத்திருக்கப் பழகியவள்தானே.

கை கீழே வரவில்லை.

அவள் மெதுவாகத் தலையைத் தூக்கிப் பார்த்தாள். முதலில் அந்தக் கையை, பிறகு முகத்தை.

“அண்ணே?”

அவர் கையை இழுத்து, அந்தக் குட்டை ஸ்வெட்டரின் பைக்குள் நுழைத்துக்கொண்டார்.

சின்னம்மையின் முகம் வெளுத்தது. வாந்தியில்கூட அப்படி வெளுக்கவில்லை. “நேத்துக் காலையில சொல்லியிருந்தீங்கன்னா...” என்று ஆரம்பித்தாள், முடிக்கவில்லை. கீழே தொங்கவிட்ட கால்களை ஒவ்வொன்றாக எடுத்துக் கட்டில்மேல் வைத்துக்கொண்டாள். “ஏங்க, அந்தம்மாவைக் கூப்பிடுங்க. வண்டி வந்துருச்சான்னு கேளுங்க” என்றாள் எல்லப்பனிடம்.

எல்லப்பன் ஓடினார்.

வாசுகிக்கு ஜெயித்த மாதிரி இல்லை. அவள் எதிர்பார்த்த எதுவும் நெஞ்சில் வரவில்லை, கோபம் அப்படியே நின்றது. இந்த மனிதன் ஒரு பகல், ஓர் இரவு தன் பெயரைத் துவைத்துக் காயப் போட்டுக்கொண்டு இருந்திருக்கிறான், அது காயும்வரை அம்மா பிழைத்திருக்க வேண்டுமாம்! அந்தக் கம்பளியை இழுத்து வந்து இந்த வார்டு நடுவில் விரிக்க வேண்டும்போல இருந்தது. ஆனால் அவர் நெற்றியில் வியர்வை பொடித்திருப்பதையும், இந்தக் குளிரில் அது வழிவதையும் பார்த்தாள்.

“மாமா, நீங்களும் ரத்தம் கொடுங்க. டாக்டரு இங்கதான் இருக்காங்க” என்றாள். கோபத்தோடுதான் சொன்னாள். “உங்களுக்கும் வலிக்காது. வலிக்கலன்னா நல்லாயிருக்குன்னு அர்த்தமில்ல.”

சிவகுரு ஸ்டூலிலிருந்து எழுந்தார். பன்னுப் பொட்டலத்தைக் கட்டிலின் கால்மாட்டில் வைத்தார். டாக்டர் ஃபிசா வேகமாக வார்டுக்குள் வந்துகொண்டிருந்தார். “பெரியவரே, நில்லுங்க, உங்களைத்தான்” என்றார். சிவகுரு டாக்டருக்கு ஒதுங்கி வழிவிட்டார். சின்னம்மையை ஒருமுறை பார்த்தார், வாசுகியைப் பார்க்கவில்லை. இரண்டு வரிசைக் கட்டில்களுக்கு நடுவே, சுவரைத் தொட்டுத் தொட்டு நடந்து, வராந்தாவைத் தாண்டி, குடைகூட இல்லாமல் மழைக்குள் இறங்கிப் போனார்.